மொட்டை மாடி இங்கிலீஷ்

சேந்தமங்கலத்தில் இங்கிலீஷ் டியூஷனுக்கு வருடத்தில் இரண்டு சீசன். அரையாண்டுப் பரீட்சை பேப்பர் வீட்டுக்கு வந்த மறுவாரம் முதல் சீசன் தொடங்கும். பங்குனி வரை போகும். அப்போது வருகிறவர்கள் எல்லாரும் மார்க்குக்காக வருகிறவர்கள். இரண்டாவது, முழுப் பரீட்சை லீவில், சித்திரை வெயிலில். அதற்கு ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ சீசன் என்று பெயர். நடுவில் ஆடிப் பதினெட்டை ஒட்டிக் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடக்கும் நாட்களிலும், நிலக்கடலை பிடுங்கும் நாட்களிலும், மாடியில் பாய் விரித்துக் காத்திருந்தாலும் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். இந்தக் கணக்குத் தெரியாமல் வாடகைக்கு இடம் பிடித்து, பெரிய போர்டு மாட்டி, இரண்டே வருடத்தில் காலி செய்துவிட்டுப் போன சென்டர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குச் சொந்த மாடி. தாக்குப்பிடித்தேன்.

நான் தொடங்கியது 1980களின் கடைசியில். நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997இல்தான். அதுவரை நாங்கள் சேலம் மாவட்டத்து ஆட்கள். அஞ்சல் வழியில் பி.ஏ. ஆங்கிலம் முடித்திருந்தேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததும், மாமனார் வீட்டுத் திண்ணையில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய் அது தொழிலாகிவிட்டது. ஆரம்பத்தில் வந்தவர்கள் பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் மட்டும் கோட்டு அடித்தவர்கள். பகலில் சேகோ ஃபேக்டரியில் மரவள்ளி மாவு காயப் போடுவார்கள். சாயங்காலம் கைகால் கழுவிக்கொண்டு வருவார்கள். சிலர் முழங்கையில் மாவு வெள்ளையாக ஒட்டியிருக்கும். ஃபீஸுக்குப் பதிலாக ஒரு படி கடலை, ஒரு தார் மலைவாழை என்று கொண்டுவருவதும் உண்டு. மாமியாருக்கு அதுதான் பிடிக்கும்.

அவர்களுக்கு வேண்டியது இங்கிலீஷ் இல்லை, முப்பத்தைந்து மார்க். அதை எப்படி எடுப்பது என்பது தனிக் கலை. மெமரி போயம் இரண்டை எழுத்துப் பிசகாமல் எழுதப் பழக்கிவிட வேண்டும். லீவ் லெட்டரையும், புத்தகம் கேட்டுக் கடைக்காரருக்கு எழுதும் லெட்டரையும் விலாசம் எந்த மூலை, தேதி எந்த மூலை என்று கட்டம் போட்டு மனப்பாடம் செய்ய வைக்க வேண்டும். ஈ.ஆர்.சி. என்று ஒன்று இருந்தது. பாட்டில் வந்த ஒரு வரியைக் கொடுத்து இடம் சுட்டி விளக்கச் சொல்வார்கள். ‘திஸ் லைன் இஸ் டேக்கன் ஃப்ரம்’ என்று எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு தலை, ‘தி போயட் சேஸ் பியூட்டிஃபுல்லி’ என்று ஒரு வால். நடுவில் பாட்டின் பெயரும் கவிஞர் பெயரும் சரியாக விழுந்தால் பாதி மார்க் உறுதி. இப்படிப் பாஸான பையன்கள் பலர் இன்று நல்ல நிலையில் இருக்கிறார்கள். அதைக் கேவலமாக நினைக்க என்னால் முடியாது. முப்பத்தைந்து மார்க் இல்லாததால் ஐடிஐ வாசலிலேயே நின்றவனுக்கு அந்த மார்க்கின் அருமை தெரியும். ஆனால் அதை இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன் என்று சொல்லவும் கூச்சமாக இருக்கும்.

நான் படித்தபோது மூன்றாம் வகுப்பில்தான் ஏ பி சி டி. எங்கள் வாத்தியார் பாடம் நடத்தும்போது கதவு வரை நடந்து போவார். நடந்துகொண்டே ‘ஐ ஆம் வாக்கிங் டு தி டோர்’ என்பார். கதவைத் தொட்டு ‘ஐ ஆம் டச்சிங் தி டோர்’ என்பார். பிறகு நாங்கள் ஒவ்வொருவராக நடந்து, தொட்டு, சொல்ல வேண்டும். மனிதருக்குக் கொஞ்சம் கிறுக்கு என்று நினைத்துக்கொள்வோம். அதன் மூலம் எது என்று பல வருடம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1959இல் அன்றைய சென்னை மாநிலத்தில், பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு, ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு இங்கிலீஷ் பயிற்சி கொடுக்க ஓர் இயக்கமே நடந்திருக்கிறது. முதலில் சிலருக்குப் பயிற்சி. அவர்கள் அடுத்த வட்டத்துக்கு. அந்த வட்டம் அதற்கடுத்த வட்டத்துக்கு. அப்படி உருண்டு உருண்டு பெருகியதால் ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. எங்கள் ஊர் வரை உருண்டு வந்தபோது அது கொஞ்சம் கரைந்துதான் போயிருந்தது. வாத்தியாருக்குக் கதவு, நாற்காலி, ஜன்னல் தாண்டி வாக்கியம் கிடையாது. இருந்தாலும் சொல்கிறேன், பட்டம் வாங்கும் வரை நான் வாய் திறந்து இங்கிலீஷ் பேசியது அந்தக் கதவுக்கும் நாற்காலிக்கும் நடுவில் மட்டும்தான்.

1990களில் ஊர் மாறியது. மெட்ரிக் பள்ளி வேன்கள் களங்காணி, காளப்பநாயக்கன்பட்டி என்று சந்து சந்தாக நுழைந்தன. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகளுக்குத் தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகள் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். கோழிப்பண்ணைக்கும் லாரி பாடி கட்டுவதற்கும் பேர் போன ஊர், ப்ளஸ் டூ மார்க்குக்கும் பேர் வாங்கியது. பிராய்லர் பள்ளி என்று மற்ற ஊர்க்காரர்கள் கேலி பேசினார்கள். பேசிக்கொண்டே அட்மிஷனுக்கும் வந்து நின்றார்கள்.

அந்தப் பள்ளிகளில் இங்கிலீஷின் கதி என்ன என்பது வெளியில் அதிகம் பேருக்குத் தெரியாது. அன்றைய மெடிக்கல், இன்ஜினியரிங் கட்-ஆஃபில் மொழிப் பாடம் சேராது. கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல்தான் கணக்கு. ஆகவே காலை நாலரை மணிக்கு எழுப்பிப் படிக்க வைத்த இடத்திலும் இங்கிலீஷுக்குக் கடைசி மிச்ச நேரம்தான். லீவில் என்னிடம் வந்த ப்ளஸ் டூ பிள்ளைகள் இங்கிலீஷில் இருநூறுக்கு நூற்றெண்பது, நூற்றெண்பத்தைந்து என்று வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தியிடம் அவள் அம்மா சமைத்ததை இங்கிலீஷில் சொல்லச் சொன்னேன். எழுதிக் காட்டட்டுமா மிஸ் என்று கேட்டாள். பென்சிலை வாங்கி வைத்துவிட்டேன். கால் மணி நேரம் அந்தப் பெண் என் முகத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தாளே தவிர, ‘ரைஸ்’ என்ற சொல்கூட வெளியே வரவில்லை. அத்தனை மார்க் வாங்கிய பெண்!

வகுப்பை வேறு மாதிரி நடத்த வேண்டும் என்று அதன்பிறகுதான் தேட ஆரம்பித்தேன். கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஓர் உறவினர், என்.எஸ். பிரபு என்பவரின் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் போன்ற ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் பிரபு ஒரு சோதனை செய்தார். இலக்கணத்தை நேராக நடத்தாமல், பிள்ளைகளுக்கு ஒரு வேலையைக் கொடுப்பது: ரயில் டைம்டேபிளைப் பார்த்து வழி கண்டுபிடி, வரைபடத்தைப் பார்த்துத் தூரம் சொல். கவனம் முழுக்க வேலையில் இருக்கும்போது மொழி தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் கட்சி. உலகத்து இங்கிலீஷ் ஆசிரியர்கள் இன்றும் பேசுகிற காரியம் அது. நம் கடலூர்ப் பிள்ளைகளை வைத்து நடந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்களுக்கு அப்போது ரயில் இல்லை. பஸ் இருந்தது. பிள்ளைகளைச் சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பி நேரப் பலகையைப் பார்த்து எழுதி வரச் சொன்னேன். அடுத்த நாள் மாடியில் நாலு நாலு பேராக உட்கார வைத்துக் கேள்வி கொடுத்தேன்: கொல்லிமலை மேலே செம்மேட்டிலிருந்து ஒருவர் காலை பதினோரு மணிக்குள் சேலம் கலெக்டர் ஆபீஸுக்குப் போக வேண்டும். எப்படிப் போவார்? இங்கிலீஷில் பேசி முடிவு செய்ய வேண்டும். தமிழ் வந்தால் கைதட்டல்.

“ஹி கோ ஃபர்ஸ்ட் பஸ்” என்றாள் ஒரு பெண்.

“நோ, நோ. ஃபர்ஸ்ட் பஸ் நாமக்கல் பஸ். சேந்தமங்கலம் கெட் டவுன். புதன்சந்தை கோ. சேலம் பஸ் கேட்ச்” என்றான் இன்னொருவன்.

அந்தக் குழுவில் கொல்லிமலைப் பையன் ஒருவன் இருந்தான். மேலே அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்துவிட்டு, ப்ளஸ் ஒன்னுக்குக் கீழே சித்தி வீட்டுக்கு வந்தவன். வந்த நாளிலிருந்து பெயரைச் சொன்னதோடு சரி. அன்றைக்கு இவர்கள் போடுகிற கணக்கைக் கேட்டுக்கொண்டே இருந்தவன் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தான்.

“எவரிபடி ராங். ரெயின் கம், பஸ் லேட். செவன்டி ஹேர்பின் பெண்ட். ஒன் லாரி ஸ்டாப், ஆல் பஸ் ஸ்டாப். யெஸ்டர்டே ஈவினிங் கோ. சேந்தமங்கலம் ரிலேஷன் ஹவுஸ் ஸ்லீப்.”

காரவள்ளியிலிருந்து மேலே போகும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவு என்பது எல்லாருக்கும் தெரியும். அதில் வாரா வாரம் வாந்தி எடுத்துக்கொண்டு இறங்கி ஏறுகிறவனுக்குத்தான், காலைப் பஸ்ஸை நம்பி யாரும் கலெக்டரைப் பார்க்கப் புறப்பட மாட்டார்கள் என்பது தெரியும். மற்ற மூன்று பேரும் வாயடைத்துப்போனார்கள். அவனைத் துளைத்துத் துளைத்துக் கேட்டார்கள். பால் வண்டி வருமா, கீழ்ப் பாதையில் ஜீப் கிடைக்குமா, மிளகு மூட்டைக்கு டிக்கெட் உண்டா. எல்லாம் இங்கிலீஷில்தான், அவர்கள் இங்கிலீஷில். அரை மணி நேரம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நோட்டில் பிழைகளை மட்டும் எழுதிக்கொண்டே வந்தேன். கடைசியில், யார் சொன்னது என்று பெயர் போடாமல், ஆறேழு வாக்கியங்களைப் போர்டில் எழுதினேன். ‘ஹி கோ’வுக்குப் பக்கத்தில் என்ன வரும் என்று கேட்டதும் அவர்களே ‘கோஸ்’, ‘வில் கோ’, ‘ஷுட் கோ’ என்று கத்தினார்கள். ‘யெஸ்டர்டே’யை ‘தி டே பிஃபோர்’ ஆக்க மட்டும் நான் தேவைப்பட்டேன். இன்றைக்கும் என் வகுப்பு இந்த முறையில்தான் நடக்கிறது. பேசும்போது திருத்துவதில்லை, பேசி முடித்தபின் திருத்துகிறேன். பாதியில் நிறுத்தித் திருத்தினால் அடுத்த முறை அந்தப் பிள்ளை பாதி வாக்கியத்தோடு நின்று நம் முகத்தைப் பார்க்கும்.

இதில் பிரபுவோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. பிள்ளைகளைக் குழுவாகப் பேச விடுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. தப்பும் தவறுமான இங்கிலீஷை ஒருவருக்கொருவர் கேட்டுக் கேட்டு அதுவே நிலைத்துவிடும், ஆசிரியரின் மொழிதான் காதில் விழ வேண்டும் என்பது அவர் வாதம். படித்தபோது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தவறான இங்கிலீஷ் இரண்டாவது நோய். முதல் நோய் பேசாமல் இருப்பது. ஆசிரியர் முன்னால் கைகட்டி நின்று, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னும் பின்னும் ‘சார்’ போட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகியவர்கள். கொங்குப் பேச்சில் வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டுப் பழகிய வாய், அதைப் போட இடமில்லாத மொழியில் பெரியவர்களிடம் பேசவே பயப்படும். சரிசமமாக உட்கார்ந்திருக்கிற நாலு பேரிடம் ‘நோ, யூ ராங்’ என்று சொல்லிப் பார்த்த பிறகுதான் என்னிடமே ‘நோ மிஸ்’ என்று சொல்லத் துணிவு வந்தது. பிரபு பெரிய அறிஞர். ஆனால் மாடியில் பாய் விரிப்பவள் நான்.

சரி, குழுவிலேயே இவ்வளவு நடக்கும் என்றால், ஒருவரை மட்டும் வைத்து எடுக்கும் தனி வகுப்பு எதற்கு? பெற்றோர் நினைக்கிற காரணத்துக்கு இல்லை. மூன்று மடங்கு ஃபீஸ் கொடுத்தால் மூன்று மடங்கு இங்கிலீஷ் வரும் என்று வருகிறார்கள். நன்றாகப் படிக்கிற, கூச்சமுள்ள பிள்ளையைத் தனியே கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். அந்தப் பிள்ளை என்னோடு அழகாகப் பேசும், என்னோடு மட்டும் பேசும். வாசலைத் தாண்டினால் பழைய ஊமைதான்.

தனி வகுப்பு யாருக்கு வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். எட்டு வரை ஆல் பாஸில் வந்தவன். குழுவில் வைத்திருந்தபோது எல்லாரும் சேர்ந்து வாசிக்கையில் அவன் வாயும் அசையும். வாய் அசைவு மற்றவர்களுக்கு ஒரு நொடி பின்னால் வருவதைக் கவனித்தேன். அடுத்த நாள் மற்றவர்களை அனுப்பிவிட்டு அவனை மட்டும் உட்கார வைத்துப் புத்தகத்தை நீட்டினேன். எழுத்தே தெரியவில்லை. பி எது டி எது என்று தெரியாமல் ஒன்பதாம் வகுப்பு வரை வந்திருக்கிறான். கோரஸ் அவனைக் காப்பாற்றிக்கொண்டே வந்திருக்கிறது.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் அவன் அப்பா பெயின்டர். பாடப் புத்தகத்தை மூடிவிட்டு, “உங்கப்பா லாரி பின்னால என்ன கண்ணு எழுதுவாரு?” என்று கேட்டேன். நோட்டில் வரைந்தான். ஆமாம், எழுதவில்லை, வரைந்தான். ‘சவுண்ட் ஹார்ன்’, ‘குட்ஸ் கேரியர்’, ‘நேஷனல் பெர்மிட்’. நிழல் கோடு உட்பட அச்சு அசலாக இருந்தது. படிக்கச் சொன்னால் மட்டும் தெரியாது. அதிலிருந்தே ஆரம்பித்தோம். ‘ஹார்ன்’ கடைசியில் இருப்பதும் ‘நேஷனல்’ முதலில் இருப்பதும் ஒரே எழுத்து என்று கண்டுபிடித்த அன்று அவனுக்கு வந்த சந்தோஷம்! டிஎன் 28 என்றால் நாமக்கல் என்று தெரியும். அதில் டி எது, என் எது என்று அன்றுதான் தெரிந்தது. ‘குட்ஸ்’ஸில் டி, ‘பம்ப்பர்’இல் பி. வயிறு எந்தப் பக்கம் என்று விரலால் தடவிப் பார்த்துப் படித்தான். தினம் இருபது நிமிடம், மற்றவர்கள் வருவதற்கு முன்னால். இது குழுவில் நடக்காது. பதினான்கு வயதுப் பையன் நாலு பேர் பார்க்க ஏ பி சி டி படிக்க மாட்டான். எழுத்துக் கூட்டத் தெரிந்த மறுவாரமே குழுவில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். தனியே வைத்திருந்தால் அவன் அப்பா சந்தோஷமாக ஃபீஸ் கொடுத்திருப்பார். ஆனால் அவனுக்கு அதற்கு மேல் என்னிடம் வேலை இல்லை.

பெரியவர்கள் தனி வகுப்புக்கு வருவது வெட்கத்தால். வளைகுடாவுக்கு முட்டை அனுப்புகிற ஒருவர் வந்தார். சின்ன வயதில் லாரியில் போய்ப் போய் இந்தி சரளமாகப் பேசுவார். இங்கிலீஷ் சுத்தமாக இல்லை. “சின்னப் பசங்களோட உக்கார வெக்காதீங்க டீச்சர். சிரிப்பானுங்க” என்றார். ஆண்பிள்ளை தனியே வருவதால் முன்திண்ணையில் நாற்காலி போட்டோம். மாமியார் நடையில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். கிராமர் புத்தகத்தைத் திறந்ததும் அவருக்குக் கொட்டாவி வந்துவிடும். எனவே அவருடைய போன் பேச்சுதான் பாடம். துபாயிலிருந்து என்ன கேட்டார்கள், அவர் என்ன சொன்னார், அடுத்த முறை என்ன சொல்லலாம். உடைந்த முட்டை எத்தனை சதவீதம் வரை ஏற்றுக்கொள்வார்கள், கன்டெய்னரில் குளிர் எவ்வளவு, பேப்பர் எப்போது கிளியர் ஆகும். ஐம்பது, அறுபது சொற்களுக்குள் அவர் உலகம் அடங்கிவிட்டது. மூன்றாம் மாதம் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே போன் வந்தது. எழுந்து நின்று பேசினார்: “எக் லோடிங் டுடே. பேப்பர் டுமாரோ. மணி ஃபர்ஸ்ட்.” எதிர்ப்பக்கம் உடனே புரிந்துகொண்டது. அதில் திருத்த எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. “போதுமுங்க டீச்சர்” என்று அதோடு நின்றுகொண்டார். வியாபாரிக்கு எவ்வளவு மொழி வேண்டும் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

நர்ஸ் பெண்கள் வருவது வேறு காரணத்துக்கு. ஐஇஎல்டிஎஸ், ஓஇடி என்று பரீட்சை எழுதினால்தான் லண்டன் கனவு. ஓஇடியில் நர்ஸுக்கு நாற்பத்தைந்து நிமிடத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டும். பேச்சில் இரண்டு காட்சிகள், தேர்வு நடத்துபவர் நோயாளியாக நடிப்பார், இவர்கள் நர்ஸாகப் பேச வேண்டும். நம் பெண்களுக்கு மருத்துவச் சொற்கள் எல்லாம் அத்துப்படி. சிக்கல் எங்கே என்றால், நோயாளி பயமாக இருக்கிறது என்றதும் “டோன்ட் வொர்ரி, நத்திங் வில் ஹேப்பன்” என்று சொல்லி ஊசியை எடுத்துவிடுவார்கள். நம் ஊர் வார்டில் அதுதான் ஆறுதல். அந்தப் பரீட்சையில், எதைக் கண்டு பயம் என்று கேட்டு, அவர் சொல்வதை முழுக்கக் கேட்ட பின்தான் அடுத்த பேச்சு. இதற்குத் தனி வகுப்புதான் சரி. ஒவ்வொருத்தியும் வழுக்குகிற இடம் வேறு.

என் வாதத்துக்கு நேர் எதிராகவும் ஒன்று நடந்தது. அமெரிக்காவில் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போக வேண்டிய ஓர் அம்மா, தனி வகுப்பு கேட்டு வந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். இமிக்ரேஷன் கவுன்டரில் கேட்பதற்குப் பதில் சொல்லத் தெரிந்தால் போதும் என்றார். இரண்டு நாள் என் முன்னால் உட்கார்ந்து வியர்த்தார். மூன்றாம் நாள், சீக்கிரம் வந்துவிட்ட ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்து, “நான் இவுங்களோட உக்காந்துக்கறேன் கண்ணு. நீ கேட்டா நெஞ்சு படபடங்குது” என்றார். பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்? பெஞ்சைக் குறுக்கே போட்டு ஏர்போர்ட் ஆக்கினார்கள். அப்பாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வாண்டு ஆபீசர்.

“வொய் யூ கம்?”

“டாட்டர் டெலிவரி.”

“ஹவ் மெனி மந்த்?”

“சிக்ஸ் மந்த். ரிட்டர்ன் டிக்கெட் இருக்குது சாமி.”

“நோ தமிழ்! வாட் இஸ் இன் பேக்?”

“பருப்புப் பொடி. ரைஸ் மிக்ஸ், ஈட். யூ வான்ட்?”

ஆபீசர் வேண்டும் என்று தலையாட்டியதில் விமான நிலையமே சிரித்தது. ஒரு மாதம் தினமும் அவரை வெவ்வேறு ஆபீசர்கள் குடைந்தார்கள். போய்ச் சேர்ந்த பிறகு போன் செய்தார். நிஜ ஆபீசர் கேட்டது இரண்டே கேள்விதானாம். “நம்ம பசங்க கேட்டதுல பாதிகூட இல்ல கண்ணு” என்றார்.

2000க்குப் பிறகு இன்ஜினியரிங் கல்லூரிகள் பெருகி, லீவு வகுப்புகளில் கேம்பஸ் இன்டர்வியூ கூட்டம் சேர்ந்தது. ‘செல்ஃப் இன்ட்ரொடக்ஷன்’ மனப்பாடம் செய்து தரச் சொல்வார்கள். அப்பா விவசாயி என்பதை மட்டும் விட்டுவிட்டுச் சொல்வார்கள். அதை முதலில் சொல், மரவள்ளி எப்படிப் போடுகிறார் என்று இரண்டு நிமிடம் பேசு என்பேன். தெரிந்த விஷயத்தில் வாய் தடுமாறாது. இங்கிலீஷெல்லாம் நமக்கு வராது மிஸ் என்று சலித்துக்கொள்கிறவர்களிடம், ஆர்.கே. நாராயண் பெயரில் இருக்கிற ஆர், பக்கத்து ராசிபுரம்தான் என்று சொல்வேன். அதைக் கேட்டு யாருக்கும் இங்கிலீஷ் வந்துவிடவில்லை. ஆனால் பஸ்ஸில் ராசிபுரம் போர்டைப் பார்க்கும்போது சிரித்துக்கொள்கிறார்கள்.

2011இல் சமச்சீர் கல்வி முழுதாக வந்ததும் எனக்கு ஒரு வசதி. அதுவரை மெட்ரிக் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம். ஒரே வகுப்பில் உட்கார வைக்க முடியாது. ஒரே புத்தகம் ஆனதும் சேர்த்து வைத்தேன். டை கட்டிய பிள்ளைக்கும் பேச வராது என்பதை அரசுப் பள்ளிப் பிள்ளைகள் நேரில் பார்த்ததே பாதிப் பாடம். அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் அரசுப் பள்ளிகளிலேயே இங்கிலீஷ் மீடியம் பிரிவுகள் வந்தன. பின்னால் ப்ளஸ் டூவில் 1200 மார்க் 600 ஆனது. மொழிக்கு இரண்டு தாள் என்பது ஒரு தாள் ஆனது. என் வேலை பாதியாகக் குறையும் என்றார்கள். குறையவில்லை. சயின்ஸை இங்கிலீஷில் படித்து இங்கிலீஷில் எழுதுகிற பிள்ளையும் கடைக்குப் போய்ப் பேனா வாங்குகிற அளவுக்குப் பேசுவதில்லை.

கொரோனா காலத்தில் போனில் வகுப்பு எடுத்தேன். மலையில் சிக்னல் கிடைக்காத பிள்ளைகள் விட்டுப்போனார்கள். கிடைத்தவர்கள் மியூட்டில் இருந்தார்கள். அந்த வருடங்களைப் பற்றி எழுத அதற்கு மேல் ஒன்றும் இல்லை. போனால் ஒரு நன்மை மட்டும் நிலைத்தது. இப்போது வருகிற பிள்ளைகளின் காது எங்கள் காலத்துக் காதைவிடப் பத்து மடங்கு கூர்மை. யூடியூபில் கிரிக்கெட் வர்ணனை, கார் ரிவ்யூ என்று நாள் முழுக்கக் கேட்கிறார்கள். கேட்டது எல்லாம் உள்ளே இருக்கிறது. வெளியே எடுக்க எதிரில் ஆள் வேண்டும்.

இப்போது ஒரு பேட்ச்சில் எட்டுப் பேருக்கு மேல் எடுப்பதில்லை. எட்டைத் தாண்டினால் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும். நாலுக்குக் கீழே போனால் சண்டை போட ஆள் இருக்காது. தனி வகுப்பு கேட்டு வருகிறவர்களை முதலில் ஒரு வாரம் குழுவில் உட்காரச் சொல்கிறேன். பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். ஃபீஸ் குறைவதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை.

பிள்ளையை டியூஷனில் சேர்க்கப் போகிற பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். ஃபீஸ் எவ்வளவு, நோட்ஸ் உண்டா என்று கேட்பதற்கு முன்னால், வகுப்பு நடக்கும்போது ஒரு கால் மணி நேரம் வாசலில் நின்று கேளுங்கள். எல்லாரும் சேர்ந்து சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். தனித்தனியாக எத்தனை பிள்ளைகளின் குரல் வருகிறது என்று மட்டும் பாருங்கள். டீச்சர் குரல் மட்டும்தான் கேட்கிறது என்றால், எவ்வளவு நல்ல டீச்சராக இருந்தாலும், பிள்ளையை அழைத்துக்கொண்டு வேறு இடம் பாருங்கள். என் மாடிக்கும் அதே விதிதான்.